இருபத்தேழு ஓட்டைகள்

“எழுதுங்க. பதினெட்டு புள்ளி ரெண்டு.”

எழுதினேன்.

“அடுத்தது பதினாறு. புள்ளி கிள்ளி ஒண்ணும் இல்ல, சுத்தமான பதினாறு.”

அதையும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சமையலறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் என் மனைவி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இரும்புத் துண்டு, கையில் அளவெடுக்கும் வெர்னியர். நான் படியில் உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்துக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல ஓட்டைகளின் அளவை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது. உள்ளே மேஜையில் எட்டாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தின் மெய்ப்பு காத்துக் கிடந்தது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். திங்கட்கிழமை காலை அதைக் கொடுத்தாக வேண்டும்.

“இன்னும் எத்தனை?”

“இதோட பத்தொம்பது. மொத்தம் இருபத்தேழு.”

“மிச்ச எட்டையும் நாளைக்கு எழுதலாமே. ஓட்டை எங்க ஓடிடப் போகுது?”

“ஓட்டைக்கு ஏது கால்? போங்க, போய் உங்க மலையும் ஆறும் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க,” என்று சொல்லிவிட்டு வெர்னியரைத் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை, அவள் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலையில், லேத்தை ஓடவிடும் முன்பு பக்கத்து மெஷின்காரரிடம் கொஞ்சம் தண்ணீர் கேட்டிருக்கிறாள். அவர் கொண்டுவந்தபோது ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தாளாம். ஐம்பத்தோரு வயது. இதயம் என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தொழிற்சாலையில் அவளுக்கு ‘மைக்ரோமீட்டர்’ என்று பட்டப்பெயர். மயிரிழை வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடித்துவிடுவாள். பிடித்ததைச் சொல்லாமல் விடவும் மாட்டாள். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு கோழிப் பண்ணைக்கு பம்பு பழுது பார்க்கப் போன இடத்தில்தான் அந்த வண்டியைக் கண்டாள். கோழிகள் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து, எது இருக்கை, எது எச்சம் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை. அன்று மாலையே ஒரு டெம்போவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

“என்ன இது?”

“ரேஸ் வண்டி.”

“எந்த ரேஸ்? கோழி ரேஸா?”

நான் ஒரு தடவைதான் கேட்டேன். அவளுடைய தொழிற்சாலை அதையே ஆறு வருடம் கேட்டது.

அந்த வண்டியைச் செய்த கம்பெனி அந்தக் காலத்தில் சாதாரணச் சாலை வண்டிகளை ஆயிரக்கணக்கில் விற்றது. அதே சட்டத்தில், அதே எண் வரிசையில், சேற்றிலும் மண்மேட்டிலும் ஓடும் பந்தயத்துக்கென்று பன்னிரண்டு வண்டிகளை மட்டும் தனியாகச் செய்தது. பிறகு கம்பெனியும் மூடிப்போனது, அதன் ஏடுகளும் போயின. பன்னிரண்டில் இரண்டுதான் மிச்சம் என்று பழைய பந்தய வண்டிகளுக்கான சங்கம் ஒன்று பதிவேட்டில் எழுதி வைத்திருந்தது. எங்கள் கொட்டகையில் இருப்பது மூன்றாவது என்பது அவள் கட்சி. எண்ணைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. சாலை வண்டியின் விளக்கைக் கழற்றி, மட்கார்டைத் தூக்கிக் கட்டி, ‘பந்தய வண்டி’ என்று விற்றவர்கள் ஏராளம்.

அவள் பிடித்துக்கொண்டது ஓட்டைகளை. எடை குறைந்தால்தான் பந்தயத்தில் வேகம். அதனால் இன்ஜினைத் தாங்கும் இரண்டு தகடுகள், பிரேக் பெடல், கால் கட்டையின் பிடிமானங்கள், செயின் விலகாமல் பிடிக்கும் தகடு என்று எங்கெல்லாம் இரும்பு இருந்ததோ அங்கெல்லாம் வட்டம் வட்டமாகத் துளைத்து இரும்பை வெளியே எடுத்திருந்தார்கள். துளைகளின் விளிம்பு இரண்டு பக்கமும் சரிவாக இழைக்கப்பட்டிருந்தது.

“டூப்பு வண்டி பண்றவன் ஓட்டை போடுவான். ஓரத்தை இழைக்க மாட்டான். அதுவும் யாருமே பாக்காத உள்பக்கத்துல இழைப்பானா? இது சம்பளம் வாங்கிட்டு, ஃபோர்மேனுக்குப் பயந்து செஞ்ச வேலை. எனக்குத் தெரியாதா?”

அவளுக்குத் தெரிந்தது போதாதே. சங்கத்தின் பதிவாளருக்கு எழுதினாள். மூன்று கடிதத்துக்குப் பிறகு பதில் வந்தது. எல்லாத் துளைகளையும் அளந்து வையுங்கள், மூன்று மாதத்தில் நேரில் வருகிறேன், துளைகளைக் கண்ணால் பார்க்காமல் பதிவேட்டில் ஒரு வரியும் எழுத மாட்டேன். அந்தக் கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் பத்தொன்பது வரை எழுதியது.

அவள் போன பிறகு எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் சொன்னது சரி என்று, சொல்லும் உரிமை உள்ள ஒருவர், அந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். எனக்கு சைக்கிளே தகராறு.

முதல் இடைஞ்சல் என் அக்கா. துணைக்கு இருக்கிறேன் என்று பெட்டியோடு வந்தவள், நாலாம் நாள் கொட்டகையைத் திறந்துவிட்டாள்.

“டேய் தம்பி, இந்த இரும்பைப் பாத்துப் பாத்தே நீ உருக்கொலைஞ்சு போவே. எடைக்குப் போட்டுட்டு இடத்தைக் கழுவி விடுவோம்.”

“அக்கா, எதையும் தொடாதே.”

“தொடாம எப்படிக் கழுவறது?”

அலமாரியில் நாற்பது தகர டப்பாக்கள் இருந்தன. வண்டியைப் பிரித்தபோது ஒவ்வொரு போல்ட்டையும் வாஷரையும் இனம் பிரித்து அதில் போட்டு, மேலே காகிதம் ஒட்டி எழுதி வைத்திருந்தாள் என் மனைவி. எங்கே பொருத்த வேண்டும் என்று எழுதியிருந்தால் மனிதர்களுக்கு உதவியாக இருந்திருக்கும். அவளோ, எந்தப் போல்ட் எந்தச் சொந்தக்காரரைப் போல நடந்துகொள்கிறது என்று எழுதியிருந்தாள். அக்கா ஒரு டப்பாவை எடுத்து, கண்ணாடி போட்டுப் படித்தாள்.

“‘நாத்தனார். ரொம்ப முறுக்கக் கூடாது. முறுக்கினா தெருவுக்கே கேக்கும்.’ நாத்தனார்னா யாருடா? நானா? நான் என்ன தெருவுக்கே கேக்கற மாதிரியா கத்தறேன்?”

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா டப்பாவை மூடினாள். முந்தானையால் அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே போனாள். எடைக்குப் போடும் பேச்சு அத்தோடு நின்றது.

அடுத்து வந்தவர் என் மச்சான். மனைவியின் ஒரே அண்ணன். நாலு தெரு தள்ளி, கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். இந்தக் கதையில் வருகிற எல்லோருமே நல்லவர்கள்தான். அதுதான் பிரச்சினையே.

“மாப்பிள்ளை, என் தங்கச்சி ஆறு வருஷம் கட்டிட்டு அழுத வண்டி. இப்படிக் கையி வேற காலு வேறயா கெடக்கறத என்னால பாக்க முடியல. அந்த ஆபீசர் வர்றதுக்குள்ள நான் பூட்டித் தர்றேன்.”

“பூட்டினா மட்டும் போதும் மச்சான். எதையும் மாத்த வேண்டாம்.”

“மாத்தறதுக்கு என்ன இருக்கு? துருவ எடுத்து, பூட்டி, நிறுத்திடறேன்.”

ஓட்டைகள் முக்கியம் என்று நான் சொல்லவில்லை. கூடப் பிறந்த அண்ணனுக்கு அது தெரியாமலா இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அவள் அவரிடம் ஆறு வருடமாக அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. திறந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். குடம் ஒழுகினாலும் குடும்பம் பிரிந்தாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: “வெல்டு வெச்சிடலாம்.”

சட்டமும் சக்கரமும் டப்பாக்களும் டெம்போவில் போயின. மறுநாளிலிருந்து அச்சகத்துக்குத் தொலைபேசி வரத் தொடங்கியது.

“மாப்பிள்ளை, ‘சம்பந்திங்க’ன்னு ஒரு டப்பா. ‘ரெண்டு பேருக்கும் நடுவுல கண்டிப்பா ஒரு வாஷர் இருக்கணும்’னு எழுதியிருக்கா. இது எங்க போகும்?”

“எனக்கு எப்படித் தெரியும் மச்சான்?”

“நீங்க படிச்சவர்தானே.”

“நான் படிச்சது புத்தகம்.”

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும்.

“சம்பந்தி பொருந்திடுச்சு, பின் சக்கரத்துல. சரி, ‘அண்ணன்’னு ஒண்ணு. ‘சுத்தியலை இவர் கண்ணுலயே காட்டக் கூடாது.’ இது என்னைச் சொல்றாளா, போல்ட்டைச் சொல்றாளா?”

“ரெண்டையும்தான்.”

அந்தப் பக்கம் சுத்தியலைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு, “வாய்க்கொழுப்பு,” என்று சொல்லி வைத்துவிட்டார். தலைமைப் பிழைதிருத்துநர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இமயமலையை மறுபடியும் வடக்கே தேடினேன்.

கடைசி நாள் கேட்டார்: “ஒரே ஒரு டப்பா மிச்சம். ‘இவர்’னு போட்டிருக்கு. ‘எங்க போடறதுன்னு தெரியல. இருக்கட்டும்.’ உள்ள ஒரு சின்ன ஸ்பிரிங். நானும் வண்டியைச் சுத்திச் சுத்தி வந்துட்டேன், எங்கயும் போகல. என்ன பண்ண?”

“இருக்கட்டும்,” என்றேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் பட்டறைக்கு வரச் சொன்னார். நடுவில், ஒரு மரப்பெட்டியின் மேல், வெள்ளை வேட்டியால் போர்த்தி வைத்திருந்தார். தன் கையாலேயே துணியை உருவினார். வண்டி முழுசாக நின்றது. கறுப்பு பெயின்ட் கண்ணாடி போல் மின்னியது. பக்கத்தில் போய்க் குனிந்தேன். இன்ஜினைத் தாங்கும் தகடு வழவழவென்று இருந்தது. பிரேக் பெடலும் வழவழவென்று இருந்தது.

“மச்சான்.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“ஓட்டையெல்லாம் எங்க?”

அவர் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா? கண்டுபிடிக்கவே முடியாது! எந்தப் படுபாவி கையில மாட்டுச்சோ, சல்லடை மாதிரி துளைச்சு வெச்சிருந்தான். இருபத்தேழு ஓட்டை. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வட்டம் வெட்டி, உள்ள உக்கார வெச்சு, சுத்தி வெல்டு வெச்சு, கிரைண்டர் போட்டு, ரெண்டு பக்கமும் தேய்ச்சு… நாலு நாள் மாப்பிள்ளை. கடை வேலையை எல்லாம் தள்ளி வெச்சிட்டு. என் தங்கச்சி வண்டி ஓட்டையோடவா நிக்கும்?”

நான் அங்கே கிடந்த ஒரு ஜன்னல் கிரில்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“அந்த ஓட்டைதான் மச்சான் வண்டி.”

“என்ன?”

“அந்த ஓட்டையைப் பாக்கத்தான் அந்த ஆள் வர்றார். அது இருந்தாத்தான் இது ரேஸ் வண்டி. இல்லன்னா இது கோழி உக்கார்ந்த வண்டி. ஆறு வருஷம் அவ கண்டுபிடிச்சதை நாலே நாள்ல, நீங்க…”

“யாரும் என்கிட்ட சொல்லலையே.”

“கேட்டீங்களா? ஒரு வார்த்தை கேட்டீங்களா? ‘சம்பந்தி’க்குப் போன் பண்ணத் தெரிஞ்சுது, ‘அண்ணனு’க்குப் போன் பண்ணத் தெரிஞ்சுது, ‘மாப்பிள்ளை, இதை அடைக்கட்டுமா’ன்னு ஒரு போன் பண்ணத் தெரியலையா?”

“திரும்பப் போட்டுடறேன். இப்பவே. டிரில்லை எடுக்கறேன். எத்தனை மில்லின்னு சொல்லுங்க.”

“நீங்க போடற ஓட்டையைப் பாக்க அவர் எதுக்கு ரெண்டு நாள் ரயில்ல வரணும்?”

நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் கையில் இருந்த வேட்டியை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார்.

“அவ உயிரோட இருந்தப்ப அவளுக்குன்னு நான் ஒண்ணுமே செஞ்சதில்ல மாப்பிள்ளை. இதாவது ஒழுங்கா செய்யலாம்னு…”

எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இல்லை. டெம்போவை வரச் சொல்லி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு மூன்று வாரம் நாங்கள் பேசவில்லை. “சாப்பிட்டானான்னு கேட்டான் உன் மச்சான்,” என்று அக்கா தூது வருவாள். “அதையும் வெல்டு வெக்கணுமான்னு கேளு,” என்று திருப்பி அனுப்புவேன்.

பதிவாளருக்குத் தொலைபேசி செய்து, நடந்ததைச் சொல்லி, வர வேண்டாம் என்றேன். அந்த மனிதர் மச்சானைவிடப் பெரிய தொல்லை. “டிக்கெட் எடுத்தாச்சு சார். அடைச்சதையும் கண்ணால பாக்காம நான் எதுவும் சொல்லக் கூடாது,” என்றார். சொன்ன தேதியில், சொன்ன நேரத்தில், தோல் பையோடு வந்து இறங்கினார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் நாலு பேனா, நாலும் வேறு வேறு நிறம்.

கொட்டகையில் மண்டியிட்டு ஒரு மணி நேரம் பார்த்தார். தகடுகளை விரல் நகத்தால் வருடினார்.

“யார் செஞ்ச வேலை இது?”

“என் மனைவியோட அண்ணன்.”

“அபாரமான வேலை,” என்றார், சாவு வீட்டில் விசாரிக்கிற குரலில். “கொஞ்சம் மோசமா செஞ்சிருந்தா ஏதாவது மிஞ்சியிருக்கும்.”

நோட்டைக் கொடுத்தேன். பத்தொன்பது அளவுகளையும் தன் ஏட்டோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பச்சைப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். பத்தொன்பதும் ஒத்துப்போயின. அவர் பேனாவை மூடினார்.

“பத்தொம்பதும் சரிதான் சார். ஆனா இந்த அளவெல்லாம் எங்க சங்க மலர்லயே அச்சாயிருக்கு. யார் வேணும்னாலும் பாத்து எழுதலாம். நான் வெளியில விடாம வெச்சிருக்கறது ஒண்ணே ஒண்ணு. அது உங்க பட்டியல்ல இல்ல. அந்த மிச்ச எட்டுல இருக்கு.”

“என்ன அது?”

“சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த மாசமே பத்து வண்டியில அது முளைக்கும்.”

“என் மனைவி பொய் எழுதறவ இல்ல சார்.”

“நான் அப்படிச் சொல்லல. உங்க மனைவி எழுதின கடிதங்களைப் படிச்சிருக்கேன். எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா எனக்குச் சந்தேகம் இல்லன்னு பதிவேட்டுல எழுத முடியாது. ‘உறுதி செய்ய இயலவில்லை.’ அவ்வளவுதான் எழுதலாம்.”

மெய்ப்பில் ஒரு வரியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது போல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வரியை நான் மட்டும் ஏன் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்?

“வாங்க சார். அடைச்சவர்கிட்டயே வந்து இதைச் சொல்லுங்க. அவர் காதாலயும் கேக்கட்டும்.”

நாலு தெருவையும் விறுவிறுவென்று நடந்தேன். பதிவாளர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். மச்சான் ஒரு கேட்டுக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்க மாப்பிள்ளை,” என்றார், ஒன்றுமே நடக்காதது போல. நான் வாயைத் திறக்கும் முன்பு பதிவாளர் முந்திக்கொண்டார்.

“ஐயா, நீங்க ஒவ்வொரு ஓட்டையா அடைச்சீங்களே, எதுலயாவது வித்தியாசமா ஏதாவது பாத்தீங்களா?”

“வித்தியாசம் என்ன சார், ஓட்டைன்னா ஓட்டைதான்.” மச்சான் என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். “எல்லாம் சுத்தமான வட்டம். எவன் போட்டானோ, கை சுத்தம். ஒண்ணு மட்டும்தான் தூங்கிட்டே போட்டிருக்கான். அந்தக் கோணலுக்குத் தகடு வெட்டினா லேசுல உக்காரவே இல்ல. அரை நாள் உசிரை வாங்கிடுச்சு.”

பதிவாளர் பையைக் கீழே வைத்தார். “எந்த ஓட்டை?”

“பேர் என்ன அதுக்கு… இருங்க, மாதிரி இருக்கும்.”

பட்டறையின் பின்சுவரில் ஆணிக்கு ஆணி கம்பி கட்டியிருந்தது. எத்தனையோ தடவை அங்கே போயிருக்கிறேன், அதை ஏறிட்டுப் பார்த்ததில்லை. கம்பி முழுக்க அட்டைத் துண்டுகள் கோத்துத் தொங்கின. தண்ணீர்த் தொட்டி, பால் கேன், பள்ளிக்கூட கேட் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. மச்சான் எந்த ஓட்டையை அடைத்தாலும் முதலில் அதன் மேல் அட்டையை வைத்து, கட்டைவிரலால் விளிம்பு முழுக்க அழுத்தித் தேய்ப்பாராம். விளிம்பு அப்படியே அட்டையில் பதிந்துவிடும். அந்தக் கோட்டில் வெட்டினால் அளவு தப்பாது. வேலை முடிந்தாலும் அட்டையை எறிய மாட்டார். “அதே இடத்துலதான் சார் மறுபடியும் ஓட்டை விழும்,” என்றார்.

ஒரு கொத்தைக் கழற்றி மேஜையில் கொட்டினார். சின்னதும் பெரிதுமாக வட்டங்கள், ஒவ்வொன்றிலும் பென்சிலால் இடம் எழுதியிருந்தது. ‘இன்ஜின் தகடு வலது 1.’ ‘பெடல் 4.’ எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு.

“இதுதான் அந்தச் சனியன்,” என்று ஒன்றைத் தள்ளினார். முட்டை வடிவத்தில் இருந்தது. ‘செயின் தகடு 3. கோணல்’ என்று எழுதியிருந்தது.

பதிவாளர் அதைத் தொடவில்லை. பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து, ஓரத்தைக் கிழித்து, இரண்டு புகைப்படங்களை அட்டையின் இருபுறமும் வைத்தார். இரண்டு வண்டிகள், இரண்டு செயின் தகடுகள். இரண்டிலும் மூன்றாவது ஓட்டை முட்டை வடிவம். ஒரே பக்கம் சாய்ந்த முட்டை.

“துளை போடறதுக்கு ஒரு மாதிரித் தகடு செஞ்சிருக்காங்க. அதுலயே டிரில் வழுக்கி ரெண்டு தடவை இறங்கியிருக்கு. அந்தத் தப்போடயே எல்லா வண்டிக்கும் போட்டுட்டாங்க,” என்றார்.

எங்கள் அச்சகத்தில் பழைய அச்சுக்கட்டை ஒன்றில் நதியின் வாய்ப்பக்கம் சிதைந்திருக்கும். எந்த ஊரில் எந்தப் புத்தகத்தில் அந்தச் சிதைந்த நதியைப் பார்த்தாலும், அது எங்கள் கட்டை என்று சொல்லிவிடுவேன். பதிவாளரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் பைக்குள் கையை விட்டிருந்தார்.

அவர் அதோடு விடவில்லை. அளவுகோலை எடுத்து, நான் எழுதியிருந்த பத்தொன்பது ஓட்டைகளின் அட்டைகளையும் அளந்தார். அட்டைகள் நேர்மையானவையா என்று தெரிய வேண்டுமாம். மச்சான் கைகட்டி, பரீட்சை எழுதிய பிள்ளையின் அப்பா மாதிரி நின்றார். ஒவ்வொரு அட்டையும் அவள் சொன்ன அளவில் வந்தது. இரண்டில் மட்டும் கால் மில்லி கூடுதல். “அது அட்டை நமுத்ததுல,” என்றார் மச்சான் அவசரமாக. விளிம்பைச் சுற்றி இன்னொரு மெல்லிய வளையமும் பதிந்திருந்தது. அவள் சொன்ன சரிவு.

பதிவாளர் பட்டறையின் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் பதிவேட்டை வைத்து, நீலப் பேனாவால் எழுதினார். மூன்றாவது வண்டி. அடையாளம் உறுதி. ‘கண்டறிந்தவர்’ என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவள் பெயரைச் சொன்னோம். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“சிவப்புல என்ன சார்?” என்றார் மச்சான்.

“குறிப்பு. ‘இருபத்தேழு துளைகளும் பின்னாளில் அடைக்கப்பட்டவை.’”

“அது அவசியமா?”

“அவசியம்.”

“அடைச்சவன் பேரும் போடுவீங்களா?”

“அது வேண்டாம்.”

மச்சான் கொஞ்சம் யோசித்தார். “போட்டாலும் பரவால்ல சார். தங்கச்சி பேருக்குக் கீழதானே.”

பதிவாளர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையசைத்தேன். போட்டார்.

“இப்ப ஓட்டையைத் திரும்பப் போட்டுடவா?” என்று மச்சான் உற்சாகமாகக் கேட்க, “வேண்டாம்!” என்று நானும் பதிவாளரும் ஒன்றாகக் கத்தினோம்.

பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் அடுத்த மாதம் தபாலில் வந்தது. எழுத்துப்பிழை இல்லை. இரண்டு முறை பார்த்தேன். அதை எடுத்துக்கொண்டு அவளுடைய தொழிற்சாலைக்குப் போய், கேன்டீன் பலகையில் நானே ஒட்டினேன். கோழியைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லோரும் வந்து வாசித்தார்கள். பக்கத்து மெஷின்காரர் மட்டும், “மைக்ரோமீட்டர் தப்பா சொன்னா நாங்க என்னிக்கு நம்பியிருக்கோம்?” என்று ஏதோ தலைகீழாகச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தார். வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி, உதைத்தார். பதினோராவது உதையில் கிளம்பியது. கொடியில் காய்ந்த துணிகளின் மேல் நீலப் புகை படர்ந்ததும், அக்கா உள்ளேயிருந்து எங்கள் இருவரின் பரம்பரையையும் விசாரித்தாள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“மாப்பிள்ளை, வண்டியை எவ்வளவு நேரம்தான் பிடிச்சிட்டே நிக்கறது? ஒரு சைடு ஸ்டாண்டு மட்டும் வெல்டு வெச்சு…”

“கம்பெனி குடுக்கல மச்சான்.”

“அரைக் கிலோகூட வராது.”

“மச்சான்.”

“சரி, சரி.”

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, சமையலறையின் வெளிச்சுவரோடு சாய்த்து வைத்தோம். அந்த வண்டிக்கு ஸ்டாண்டு கிடையாது.